எதிர்க் கூண்டில் என்ன தீனி?



அழைப்பிதழில் 'எலியின் உணவும் எலியின் குடலும்' என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டு வேளைக்கு முன்னாலா இந்தப் பேச்சு?" என்று கேட்டார் ஒரு நண்பர். நியாயமான கேள்விதான். புழுக்கை என்ற சொல்லை இன்று பலமுறை சொல்ல வேண்டியிருக்கும். முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆராய்ச்சியில் தங்கத்துக்கு நிகரான பொருள் அதுதான்.

குன்னூரிலிருந்து தொடங்குகிறேன். சிம்ஸ் பூங்காவுக்குப் போனவர்கள் எதிரே பாஸ்டர் நிறுவனத்தின் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1918-இல் அங்கே ஓர் அறையில் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர். அந்த ஓர் அறைதான் பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

மெக்காரிசன் செய்த ஒரு சோதனை பேர் பெற்றது. எலிகளைக் குழு குழுவாகப் பிரித்தார். கூண்டு ஒன்றுபோல, சுத்தம் ஒன்றுபோல, கவனிப்பு ஒன்றுபோல. சாப்பாடு மட்டும் வேறு. ஒரு குழுவுக்குச் சீக்கியர் சாப்பாடு: முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி. இன்னொரு குழுவுக்கு நம்முடைய சாப்பாடு, அன்றைய வழக்கில் 'மதராஸி' உணவு: பெரும்பங்கு அரிசிச் சோறு. இடையே பட்டாணியர், மராட்டியர், கூர்க்காக்கள், கன்னடர், வங்காளியர் என்று மற்றவர்களின் உணவுகள். முடிவில் தராசில் வைத்தார். சீக்கிய எலியின் சராசரி எடை 235 கிராம். மதராஸி எலிக்கு 155.

நம் ஊர்ச் சாப்பாடு கடைசி இடத்தில் நின்றது என்று வருத்தப்பட வேண்டாம். நான் கேட்க வந்த கேள்வி வேறு. அந்த 80 கிராம் வித்தியாசத்துக்குக் காரணம் எது? பாலா, வெண்ணெயா, தவிட்டோடு சேர்ந்த கோதுமையா, பருப்பா, கீரையா? இரண்டு தட்டுகளுக்கும் இடையே மாறியது ஒரு பொருள் அல்ல, பத்துப் பொருள்கள். இன்ன சாப்பாடு நல்லது என்று அந்தச் சோதனை சொல்லும். அதில் எது நல்லது என்று சொல்லாது. இந்தச் சிறு விஷயத்தை மனத்தின் ஓர் ஓரத்தில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். இதே முடிச்சு ஏறக்குறைய எழுபது எண்பது ஆண்டுகள் கழித்து, மிகப் பெரிய ஆய்வுக்கூடங்களிலும் வந்து காலைத் தட்டியது.

மெக்காரிசன் குன்னூரில் வேலை பார்த்த அதே காலத்தில், டென்மார்க்கில் ஃபிரிடெரிசியா என்ற ஆய்வாளருக்கு ஒரு வேடிக்கை அகப்பட்டது. எலிகளுக்கு பி வைட்டமின் இல்லாத தீனியைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவை மெலிந்து சாக வேண்டும். பெரும்பாலும் அப்படித்தான் ஆயின. ஆனால் நடுவில் ஓர் எலி திடீரென்று தேறி எழுந்தது. தீனி அதேதான். மாறியது புழுக்கை: வெளுத்து, பருத்து, செரிக்காத மாவு நிறைந்து கிடந்தது. அந்த வெள்ளைப் புழுக்கையைக் கொஞ்சம் எடுத்து நலிந்த மற்ற எலிகளுக்குத் தின்னக் கொடுத்தார். அவையும் தேறின. நோய் தொற்றுவதைப் பார்த்திருக்கிறோம். இங்கே நலம் தொற்றியது.

விளக்கம் இதுதான். அந்தத் தீனியில் இருந்தது வேகவைக்காத மாவுச்சத்து. சிறுகுடலுக்கு அது எளிதில் மசியாது. செரிக்காத மாவு கீழே இறங்கியது. அங்கே அதைத் தின்னத் தெரிந்த பாக்டீரியாக்கள் பெருகின. பெருகியவை வைட்டமினையும் ஆக்கித் தந்தன. மாவை வேகவைத்துக் கொடுத்தால் இந்த வித்தை நடக்காது. உணவு மாறினால் குடலில் யார் குடியிருப்பது என்பதும் மாறும், அந்த மாற்றம் எலியின் உடம்பிலும் தெரியும் என்பதற்கு 1920-களிலேயே கிடைத்த சாட்சி இது.

அதற்குப் பின் இந்தத் துறை வெகுகாலம் நொண்டியடித்தது. குடல் பாக்டீரியாக்களில் மிகப் பல காற்றுப் பட்டாலே செத்துவிடும். கண்ணாடித் தட்டில் வளர்க்க முடியாததை எப்படி எண்ணுவது? விடை மரபணு வழியாக வந்தது. எல்லாப் பாக்டீரியாவிடமும் இருக்கும் ஒரு குறிப்பிட்ட மரபணு உண்டு. ஊருக்கு ஊர் பேச்சு சற்று மாறுவதுபோல, இனத்துக்கு இனம் அதன் எழுத்து சற்று மாறும். புழுக்கையிலிருந்து அந்த மரபணுவைப் பிரித்துப் படித்தால், உள்ளே எந்தெந்த இனம், எவ்வளவு பங்கு என்று பட்டியல் போட்டுவிடலாம். வளர்க்க வேண்டியதில்லை.

அந்தப் புழுக்கையை எடுக்கும் வேலையைப் பார்த்திருக்கிறீர்களா? சுண்டெலியை வால் அடியில் பிடித்துத் தூக்கினால் போதும், பயத்தில் அதுவே இரண்டு மூன்று போட்டுவிடும். கருஞ்சீரகத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். உடனே சிறு குழாயில் போட்டு, எந்த எலி, எந்தக் கூண்டு, எந்த நாள் என்று எழுதி ஒட்டி, உறைநிலையில் வைக்க வேண்டும். இந்தத் துறையின் பெரிய கட்டுரைகளுக்குப் பின்னால் இப்படி யாரோ ஒரு மாணவர் தினந்தோறும் பொறுக்கிய புழுக்கை இருக்கிறது.

இன்னொரு கருவி, கிருமியே இல்லாத எலி. தாயின் வயிற்றைக் கீறி எடுத்து, வடிகட்டிய காற்று ஓடும் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வளர்ப்பார்கள். தீனியும் தண்ணீரும் கிருமி நீக்கியவை. சுவரில் பொருத்திய கையுறைக்குள் கையை விட்டுத்தான் எலியைத் தொட முடியும். அந்த எலியை அறுத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது குருட்டுக்குடல், ஊதிய பலூன்போல. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் இருக்கும் பை அது. சுண்டெலிக்கு அதுதான் பாக்டீரியாவின் தலைநகரம். குடிகள் இல்லாததால் நீரும் சளியும் கரைப்பாரின்றித் தேங்கிப் பை வீங்கிவிடுகிறது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கோர்டனின் குழு 2004-இல் இப்படிப்பட்ட எலிகளுக்குச் சாதாரண எலியின் குடல் பாக்டீரியாவைக் கொடுத்தது. 14 நாளில் உடல் கொழுப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு ஏறியது. அதிகம் தின்றதாலா? இல்லை, முன்னைவிடக் குறைவாகவே தின்றன. எலிக்குச் செரிக்காத நாரையும் மாவையும் பாக்டீரியா உடைத்து, கிடைத்ததில் ஒரு பங்கை எலிக்குக் கொடுத்துவிடுகிறது. குடியிருப்பவர் வாடகை தருவதைப்போல.

அதே குழுவில் பீட்டர் டர்ன்பாவும் மற்றவர்களும் 2009-இல் இன்னொன்றைக் காட்டினார்கள். கிருமியில்லா எலிகளுக்கு மனிதக் குடலின் பாக்டீரியாவைக் கொடுத்து, கொழுப்புக் குறைந்த தாவரத் தீனியில் வளர்த்தார்கள். பிறகு ஒருநாள் தீனியை மாற்றிக் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனியை வைத்தார்கள். ஒரே நாளில் குடல் பாக்டீரியாக் கூட்டத்தின் அமைப்பு மாறியது. 2015-இல் ரேச்சல் கார்மடி குழு வெவ்வேறு மரபு வழியைச் சேர்ந்த சுண்டெலிகளை எடுத்துப் பார்த்தது. மரபு எதுவானாலும் தீனி மாறினால் கூட்டம் ஏறக்குறைய ஒரே திசையில் நகர்ந்தது. மூன்றரை நாள் அளவில் புதிய நிலையில் நின்றது. குடல் பாக்டீரியாவுக்குப் பிறந்த குலத்தைவிடப் போட்ட சோறு பெரிது.

இங்கேதான் முன்பு முடிந்து வைத்த முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

'கொழுப்புத் தீனி எலியின் குடல் பாக்டீரியாவை மாற்றுகிறது' என்று எத்தனையோ செய்திகள் படித்திருப்பீர்கள். அந்தக் கொழுப்புத் தீனி எப்படிப்பட்டது? கையில் எடுத்தால் மெழுகுபோல் பிசுபிசுக்கும். கலோரியில் 60 விழுக்காடு கொழுப்பு. பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு. புரதத்துக்குப் பாலிலிருந்து பிரித்த கேசீன். அதோடு சர்க்கரை. நார்ச்சத்துக்குச் சுத்தம் செய்த செல்லுலோஸ் தூள். ஒவ்வொன்றும் பிரித்தெடுத்துச் சேர்த்த பொருள். எதிர்க் கூண்டில் இருக்கும் 'சாதாரண' எலிக்கு என்ன போடுகிறார்கள்? பல ஆய்வுகளில், ஆலையில் அரைத்து வில்லையாக்கிய தானியத் தீனி: கோதுமை, மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, குதிரைமசால். முறித்தால் தவிட்டு வாசனை வரும். அதில் பாக்டீரியா தின்னக்கூடிய நார் பலவகையாக உண்டு.

ஆக, இரண்டு கூண்டுக்கும் வித்தியாசம் கொழுப்பு மட்டுமா? ஒன்றில் கொழுப்பைக் கூட்டினார்கள்; அதே கையோடு தவிட்டையும் புல்லையும் பருப்பு நாரையும் எடுத்துவிட்டார்கள். செல்லுலோஸ் இருக்கிறதே என்பீர்கள். காகிதத்தின் மூலப்பொருள் அது. சுண்டெலிக் குடலின் பாக்டீரியா அதை அவ்வளவாகத் தொடுவதில்லை; வந்த வழியே போய்விடும். தட்டில் நார் என்று எழுதியிருக்கும், உண்பவருக்கு உணவு இருக்காது. குன்னூரில் பாலா, கோதுமையா என்று பிரிக்க முடியாமல் நின்ற அதே இடத்தில்தான் இங்கேயும் நிற்கிறோம்.

சிலர் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். 2015-இல் பெனுவா ஷசேங்கும் மற்றவர்களும் கரையும் நார் இல்லாத தீனியைக் கொடுத்தபோது இரண்டே நாளில் குருட்டுக்குடலும் பெருங்குடலும் எடை இழந்து சுருங்கத் தொடங்கின. சிக்கரி வேரில் கிடைக்கும் இன்யூலின் என்ற கரையும் நாரைச் சேர்த்ததும் மீண்டன. செல்லுலோஸைச் சேர்த்துப் பயனில்லை. 2017-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் ஆய்வாளர்கள் இன்னும் நேராகக் கேட்டார்கள். தானியத் தீனி ஒரு கூண்டில். சுத்திகரித்த கொழுப்புத் தீனி ஒரு கூண்டில். மூன்றாவதாக, அதே சுத்திகரித்த பொருள்களால் ஆன, ஆனால் கொழுப்புக் குறைந்த தீனி. கொழுப்புத் தீனி தின்ற எலிதான் பருத்தது. ஆனால் குடல் பாக்டீரியாவின் மாற்றம் சுத்திகரித்த இரண்டு கூண்டிலும் ஒன்றுபோல இருந்தது. ஒல்லி எலியின் குடலும் குண்டு எலியின் குடல்போலவே மாறியிருந்தது. 'பாக்டீரியா மாறியது, அதனால் எலி பருத்தது' என்று நேர்கோடு போட்டவர்களுக்கு இது ஒரு குட்டு.

கொழுப்புக்குப் பங்கே இல்லை என்று சொல்லவரவில்லை. சிகாகோவில் 2012-இல் பால் கொழுப்பை எலிகளுக்குக் கொடுத்தார்கள். அதைச் செரிக்க ஈரல் சுரக்கும் பித்தநீரின் சேர்மானம் மாறியது. கந்தகம் சேர்ந்த அந்தப் பித்தத்தை விரும்பும் பைலோஃபிலா என்ற பாக்டீரியா பெருகியது. குடல் அழற்சிக்கு ஏற்கெனவே ஆளாகக்கூடிய எலிகளுக்கு அழற்சி வந்தது. இது கொழுப்பின் வேலை. ஒப்பிடத் தாவர எண்ணெய்க் கொழுப்பும் கொடுத்திருந்தார்கள், அதில் இது நேரவில்லை. எதிர்க் கூண்டைச் சரியாக அமைத்தால் இவ்வளவு தெளிவாகப் பேச முடிகிறது.

சரி, நார் நின்றுபோனால் உள்ளே என்ன நடக்கிறது? 2016-இல் வந்த ஒரு சோதனையைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். மகேஷ் தேசாய், எரிக் மார்ட்டென்ஸ் முதலியோர் செய்தது. கிருமியில்லா எலிகளுக்குள் மனிதக் குடலில் வாழும் 14 இனங்களை மட்டும், பேர் தெரிந்தவற்றை மட்டும், குடியேற்றினார்கள். எந்த இனம் எதைத் தின்னும் என்பது முன்பே தெரியும். ஒரு பகுதி எலிகளுக்கு நார் நிறைந்த தீனி. மறு பகுதிக்கு நாரே இல்லாத தீனி.

பெருங்குடலின் உட்சுவரில் ஒரு சளிப்படலம் உண்டு. பாக்டீரியாவைச் சுவரைத் தொடவிடாமல் தள்ளி வைக்கும் வேலி அது. அந்தச் சளியும் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனதுதான். தின்னத் தெரிந்தவர்க்கு அதுவும் சோறு. நார் கிடைக்கும்வரை பாக்டீரியாக்கள் நாரைத் தின்றன. நார் நின்றதும் நாரை நம்பியிருந்த இனங்கள் இளைத்தன. அக்கர்மான்சியா போன்ற, சளியைத் தின்னத் தெரிந்த இனங்கள் பெருகின. விறகு தீர்ந்த வீட்டில் கூரையைப் பிடுங்கி அடுப்பெரித்த கதை. படலம் மெலிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எலிக்கு ஒன்றுமில்லை, ஓடியாடிக்கொண்டிருந்தது. பிறகு சிட்ரோபாக்டர் என்ற நோய்க்கிருமியை உள்ளே விட்டார்கள். நார் தின்ற எலிகள் தாக்குப்பிடித்தன. நார் இல்லாதவை எடை இழந்து கடுமையாகச் சாய்ந்தன.

இங்கே மறுபடியும் எதிர்க் கூண்டைப் பாருங்கள். பாக்டீரியாவே இல்லாத எலிக்கும் நாரில்லாத தீனியைக் கொடுத்திருந்தார்கள். அதற்கு அவ்வளவு கேடு வரவில்லை. அப்படியானால் குற்றம் தீனியில் மட்டும் இல்லை, பாக்டீரியாவில் மட்டும் இல்லை. பசித்த பாக்டீரியாவில் இருக்கிறது. இன்னொன்றும் செய்தார்கள்: நாரில்லாத தீனியில் சுத்தம் செய்த நார்த்தூளைக் கலந்து கொடுத்தார்கள். அது வேலியைக் காப்பாற்றவில்லை. தவிடு, உமி, தோல் என்று பல கட்டமைப்பாக வரும் நார் செய்த வேலையை டப்பாத் தூள் செய்யவில்லை.

அடுத்தது, தலைமுறைக் கணக்கு. ஸ்டான்ஃபோர்டில் எரிகா, ஜஸ்டின் சோனென்பர்க் குழு, அதே 2016-இல். மனிதக் குடல் பாக்டீரியா ஏற்றிய எலிகள். சில வாரம் நார்த் தீனி, பிறகு ஏழு வாரம் நார் குறைந்த தீனி, பிறகு மீண்டும் நார்த் தீனி. நார் குறைந்தபோது 60 விழுக்காடு இனங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. நார் திரும்பியபின் பல மீண்டன. 33 விழுக்காடு மீளவில்லை. அப்படியே நார் குறைந்த தீனியிலேயே குட்டி, பேரக்குட்டி என்று நான்கு தலைமுறை வளர்த்தார்கள். ஒவ்வொரு பிரசவத்திலும் தாயிடமிருந்து குட்டிக்குப் போகும் பட்டியல் சுருங்கிக்கொண்டே வந்தது. நான்காம் தலைமுறைக்கு நாரை வாரி வழங்கியும் போனவை வரவில்லை. நார்த் தீனி தின்று வளர்ந்த எலியின் மலத்தையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் வந்தன.

விதைநெல்லையும் குத்தித் தின்றுவிட்ட வீட்டுக்கு மழை பெய்து என்ன பயன்? மழையும் வேண்டும், பக்கத்து வீட்டில் ஒரு மரக்கால் விதையும் கடன் வாங்க வேண்டும். டென்மார்க் எலிக்கு வெள்ளைப் புழுக்கை செய்த உதவியும் இதுதான்.

விதையைக் கடன் வாங்கினால் போதுமா என்றால், அதுவும் போதாது. கோர்டன் குழு 2013-இல் ஒருவர் பருமனாகவும் ஒருவர் ஒல்லியாகவும் இருந்த இரட்டையர்களின் குடல் பாக்டீரியாவை எலிகளுக்குக் கொடுத்தது. பருமனானவரின் பாக்டீரியா போன எலி கொழுத்தது. பிறகு இரண்டு வகை எலியையும் ஒரே கூண்டில் போட்டார்கள். எலிகள் ஒன்றன் புழுக்கையை ஒன்று தின்னும். ஒல்லியின் பாக்டீரியா மற்றதற்குள் குடியேறியது, அது கொழுக்கவில்லை. ஆனால் இது நடந்தது கொழுப்புக் குறைந்து பழமும் காயும் நாரும் மிகுந்த தீனியில்தான். கொழுப்பு மிகுந்து காய்கனி குறைந்த தீனியில் அந்தக் குடியேற்றம் நிலைக்கவில்லை. விதைத்தால் போதாது, பயிருக்கு உணவு வேண்டும்.

ஒரே கூண்டு எலிகள் இப்படிப் பகிர்ந்து தின்பதால் இன்னொரு கணக்குச் சிக்கலும் உண்டு. ஒரு கூண்டில் ஐந்து எலி இருந்தால் அது ஐந்து சாட்சி ஆகாது. கிட்டத்தட்ட ஒரே சாட்சி ஐந்து முறை பேசுவது. எத்தனை எலி என்பதோடு எத்தனை கூண்டு என்றும் கேட்கப் பழக வேண்டும்.

இனி நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். முன்வரிசையில் ஒரு பெரியவர் சிரிப்பதிலிருந்தே தெரிகிறது: "அப்படியானால் பழைய சோறு நல்லதுதானே?" வடித்த சோறு ஆறும்போது அதில் ஒரு பங்கு மாவுச்சத்து எளிதில் செரிக்காத வடிவத்துக்கு இறுகுகிறது. அது கீழே இறங்கிப் பாக்டீரியாவுக்கு உணவாகும். இவ்வளவும் உண்மை. இதை வைத்துக்கொண்டு டேனிஷ் எலிபோல நீங்களும் தேறி எழுவீர்கள் என்று நான் சொன்னால் அது பொய். சுண்டெலி தன் புழுக்கையைத் தானே தின்கிறது, நாம் தின்பதில்லை. உடம்பின் அளவுக்கு அதன் குருட்டுக்குடல் பெரிது, நமக்குச் சிறிது. ஆய்வுக்கூட எலிக்கு நேற்றும் இன்றும் நாளையும் ஒரே வில்லைதான். நமக்குத் திங்கட்கிழமை சாம்பார், செவ்வாய்க்கிழமை கல்யாணப் பந்தி.

எலியிலிருந்து மனிதனுக்குக் கடக்கும் செய்திகள் இல்லாமல் இல்லை. 2014-இல் அமெரிக்கத் தன்னார்வலர்கள் சிலருக்கு ஐந்து நாள் இறைச்சி, முட்டை, பாலாடைக்கட்டி மட்டும் கொடுத்தபோது அவர்கள் குடல் கூட்டமும் விரைவில் மாறியது. எலியில் பார்த்த அதே பைலோஃபிலா அங்கேயும் கூடியது. ஆனால் அதை மனிதனிடம் பார்த்த பிறகுதான் சொன்னார்கள். எலி வழி காட்டியது, தீர்ப்புச் சொல்லவில்லை.

மாணவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். நாளைக் காலை நாளிதழில் 'இந்த உணவு குடல் பாக்டீரியாவைக் கெடுக்கிறது, எலி ஆய்வில் கண்டுபிடிப்பு' என்று ஒரு செய்தி வரும். நாளை வராவிட்டால் மறுநாள் வரும். கெட்டுப்போன எலி என்ன தின்றது என்று அதில் எழுதியிருப்பார்கள். கெடாத எலி என்ன தின்றது என்பதைப் பெரும்பாலும் எழுதமாட்டார்கள். அதைத் தேடிப் படியுங்கள். கூட்டியது என்ன என்று ஒரு பக்கம் எழுதுங்கள். கூட்டும்போது கைதவறி எடுத்துவிட்டது என்ன என்று எதிர்ப்பக்கம் எழுதுங்கள். குன்னூரில் அந்த 80 கிராமுக்கு முன்னால் நின்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. 2017-இல் மூன்றாவது ஒரு கூண்டை வைத்த பிறகுதான் ஒரு பகுதி விடை கிடைத்தது.

கூண்டு ஒன்று கூடுதலாக வைக்கத் தெரிந்தவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வெளியே சாப்பாடு தயார் என்கிறார்கள். கூட்டும் பொரியலும் இருக்கிறதாம். அதை எனக்காக இல்லாவிட்டாலும் உள்ளே காத்திருப்பவர்களுக்காகச் சாப்பிடுங்கள்.